உன் படகில் நாங்கள் இருவர்

என் சாமி, தம்பி செங்கோடா,

உனக்குக் கடிதம் எழுதலாமா கூடாதா என்று நான்கு நாள் யோசித்தேன். ஒரு தபால் கார்டு எழுதவே எனக்கு ஒரு வாரம் வேண்டும் என்று நீ கேலி செய்வாய். ஆனால் உன் பொருள் ஒன்று என் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்லாமல் இருப்பது திருட்டுப் போலத் தோன்றுகிறது.

நீ கண்ணை மூடிய இருபதாம் நாள் உன் மோட்டார் படகு சேலம் ரயிலடியில் வந்து இறங்கியது. பதினெட்டு அடி நீளம். சாக்கைச் சுற்றி, வைக்கோல் அடைத்து, பிணத்தைக் கட்டுவதுபோலக் கட்டி அனுப்பியிருந்தார்கள். சாக்கைப் பிரித்தபோது உள்ளே செக்கச் சிவந்த மரம் முகம் தெரிகிற மாதிரிப் பளபளத்தது. அதில் என் முகத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயம்தான். இவ்வளவு வேகமான ஒன்றை நீ ஏன் வாங்கினாய்? மூன்று நாள் காய்ச்சலில் போகப் போகிறவனுக்கு மணிக்கு நாற்பது மைல் எதற்கு?

பங்காளிகள் கூடிவிட்டார்கள். "செத்தவன் ஆசப்பட்டு வாங்குனதுங்கண்ணா, ஊட்டுல வெச்சுக்கப்படாது. ஆராச்சும் கேட்டா வித்துப்போடுங்க" என்றான் நம் சித்தப்பா மகன் சின்னப்பன். மேட்டூரில் ஒருவர் கேட்கவும் கேட்டார். நானும் விற்றுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அப்போது கதவுக்குப் பின்னால் நின்ற உன் பாவாயி, கட்டுத்தறியில் இருந்த பசுமாட்டைப் பார்த்துச் சொன்னாள். "எங்கம்மா அக்கரையில படுத்த படுக்கையாக் கெடக்குது. காத்தடிச்சாப் பரிசல் போறதில்ல. அந்த நாள்ல என்னயக் கூட்டிட்டுப் போறதுக்குன்னுதான் அவங்க இத வாங்குனாங்க." மாடு ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

இதை வெளியூர்க்காரர்கள் யாராவது படித்தால் விளங்காது. நம் வீட்டில் தம்பி பெண்டாட்டி மூத்தாரோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் இல்லை. இருபத்தாறு வருஷமாக அவள் எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் உன் வழியாகத்தான் வந்தது. "உங்க அண்ணன் சாப்பிட வாராங்களான்னு கேளுங்க" என்பாள். நான் நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். நீ என் பக்கம் திரும்பி, "சாப்பிட வாரீங்களாண்ணா?" என்பாய். "வாரேன்னு சொல்லு" என்பேன். நீ அவள் பக்கம் திரும்பி, "வாராராம்" என்பாய். உனக்கு அது விளையாட்டு. நீ போனபின் அந்த வேலை மாட்டுக்கும் சுவருக்கும் வந்து சேர்ந்தது.

நிஜமாகவே அவள் அம்மாவுக்காகத்தான் வாங்கினாயா? அல்லது வேகத்துக்கு ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, வீட்டில் ஒரு காரணம் சொன்னாயா? இரண்டுமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நீ அவளுக்குக் கொடுத்த வாக்கு நின்றுபோய்விட்டது. அதை யார் நிறைவேற்றுவது என்று பார்த்தால் நான் ஒருவன்தான் இருந்தேன். பஸ் ஏறினாலே இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொள்கிற நான்.

லாரியில் ஏற்றி, மேட்டூர்த் தேக்கத்தின் கரையிலுள்ள பண்ணவாடித் துறைக்குக் கொண்டுபோனோம். பரிசல்காரன் மாதையன் தன் குடிசைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டுக் கொடுத்தான். அவன் படகைச் சுற்றி வந்து, கையில் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு நின்றான்.

"ஏனுங்க வாத்தியாரே, பஸ்ஸுன்னாச் சக்கரத்துக்கு அடியில வெப்பாங்க. இதுக்குச் சக்கரம் எங்கீங்க?"

"இதுக்குச் சக்கரம் இல்லப்பா."

"சக்கரமும் இல்ல, துடுப்பு போடற ஆளும் இல்ல. பின்ன எத நம்பி ஏறுவீங்க?"

புத்தகத்தை நம்பித்தான் ஏறினேன். படகோடு ஓர் ஆங்கிலப் புத்தகம் வந்திருந்தது. மூன்று முறை படித்து, வேண்டியதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு க்ஷேத்திரகணிதம் சொல்லிக்கொடுத்தவன் அல்லவா, படிப்படியாக எழுதினால்தான் எனக்கு மனசு அடங்கும். மூடியைத் திறந்து வைத்துப் பெட்ரோல் ஆவி போகக் காத்திரு. மோந்து பார். எண்ணெய் பார். கயிறு நீரில் கிடக்கிறதா பார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும், பக்கவாட்டுக் குழாயில் தண்ணீர் பீச்சுகிறதா பார். இந்தக் கடைசிப் படிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். எஞ்சின் சூடாகாமல் இருக்க அது ஏரித் தண்ணீரையே குடிக்கிறது. படகின் அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைச் சல்லடை இருக்கிறது, அதன் வழியாக உறிஞ்சி, பக்கத்துக் குழாயால் துப்புகிறது. துப்பாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

ஒன்பது நாள் நான் அதைக் கரையில் கட்டி வைத்தே உள்ளே உட்கார்ந்து எழுந்தேன். மாதையன் தினமும் வந்து, "இன்னிக்கு எவ்வளவு தூரம் போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டான். பத்தாம் நாள் கயிற்றை அவிழ்த்தேன்.

செங்கோடா, அதற்குப் பிரேக் இல்லை. புத்தகத்தில் படித்திருந்தும், தண்ணீர் நடுவில்தான் அது எனக்கு உறைத்தது. வேகக் கைப்பிடியை ஒரு விரற்கடை தள்ளினேன். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது. முன்னால் வானத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பயந்து கையை எடுத்தால் மூக்கு தடாலென்று இறங்குகிறது. நாம் எழுப்பிய அலையே பின்னாலிருந்து துரத்தி வந்து நம்மைத் தூக்குகிறது. வண்டி திரும்பும்போது தலை திரும்பும். இது வாலைத்தான் வீசுகிறது. மெதுவாகப் போனால் சுக்கான் சொல்லைக் கேட்பதில்லை. வேகமாகப் போனால்தான் கேட்கிறது. பயந்தவனுக்கு அடங்காத ஒன்றை, உலகத்தில் இவ்வளவு இடம் இருக்க, என் தலையில் கட்டினாயே என்று அன்று உன்னை வாய்விட்டுத் திட்டினேன்.

துறையிலேயே தங்கி ஒரு மாதம் பழகினேன். பழகினேன் என்றால், எந்தெந்த இடத்தில் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள் அக்கரையிலிருந்து கடைசிப் பரிசலில் ஆள் வந்தது. பாவாயியின் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, மகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றது. ஊருக்குச் சொல்லி அனுப்பினேன், மறுநாளே சின்னப்பன் பாவாயியைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அதற்குள் காற்று பிடித்துக்கொண்டது. பரிசல்களெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. சாலை வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால், காட்டோடைகளில் வெள்ளம். வண்டி எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். மறுநாள் காலை காற்று கொஞ்சம் தணிந்தது. மாதையன் நீரைப் பார்த்துவிட்டு, "பரிசலுக்கு ஆகாதுங்க. உங்க ஊதாங்கட்டப் படகு வேணும்னாப் போகும்" என்றான். நீயும் வா என்றேன். "எனக்கு நாலு புள்ளைங்க சாமி" என்றான். சின்னப்பனைப் பார்த்தேன். "சோசியர் எனக்குத் தண்ணியில கண்டம்னு சொல்லியிருக்காருங்கண்ணா" என்றான். அவன் ஜாதகம் எனக்குத் தெரியும். அதில் அப்படி ஒன்றும் இல்லை.

நான் நோட்டை வைத்துக்கொண்டு படிகளைச் சரிபார்த்தேன். அலைக்குப் பயந்து படகைக் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தோம். பாவாயி அதை மூன்று முறை சுற்றி வந்து, குனிந்து அடிப்பக்கம் ஏதோ செய்தாள். கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். அவள் குனிந்திருக்கும்போது நான் பார்ப்பது முறையில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

படகைத் தள்ளி இறக்கினார்கள். அவள் பின் இருக்கையில் உட்காராமல் முன்னாலேயே, என்னிடமிருந்து எவ்வளவு ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்கி உட்கார்ந்தாள். எஞ்சின் ஓடியது. எட்டிக் குழாயைப் பார்த்தேன். தண்ணீர் வந்தது. ஆனால் வழக்கத்தைவிட மெல்லிசாக வந்ததுபோல் இருந்தது. இரண்டு கோடு போட்ட படி. நிறுத்தியிருக்க வேண்டும். உனக்கே தெரியும், வாழ்க்கை முழுக்க எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன். அதனால் என் சந்தேகத்தையே நான் மதிப்பதில்லை. கண் மங்கல், காற்று அடிக்கிறது, வேறொன்றும் இல்லை என்று என்னை நானே அதட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

பாதி தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு சாயம் கருகுகிற வாசனை. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போயிருந்தது. குழாயில் ஒரு சொட்டு இல்லை. எஞ்சினை நிறுத்தினேன்.

அந்த நிசப்தத்தை எப்படிச் சொல்வேன்? நாலு பக்கமும் தண்ணீர். காற்று எங்களைத் தெற்கே தள்ளியது. அங்கே, தேக்கம் நிரம்பியபோது மூழ்கிய பனந்தோப்பின் மொட்டை மரங்கள் நீருக்கு மேல் ஓர் ஆள் உயரம் நின்றன. அலை படகை அதில் ஒரு முறை மோதினால் பலகை பிளந்துவிடும். துடுப்பை எடுத்து வலித்தேன். படகு அந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. நோட்டை எடுத்தேன். எழுத்துகள் ஆடின. மூடியைத் திறந்தேன், எண்ணெய் பார்த்தேன், கம்பிகளைத் தொட்டுப் பார்த்தேன், விரலைச் சுட்டுக்கொண்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பாவாயி என் பக்கம் திரும்பாமல், நேரே முன்னால் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஏனுங்க, கேக்குதுங்களா? உங்க அண்ணங்கிட்டச் சொல்லுங்க. அடியில பித்தளையில சல்லடையாட்டம் ஒண்ணு இருக்குதுங்களே, அதுல நான் மஞ்சத் துணியில காசு முடிஞ்சு கட்டியிருக்கறேன்."

படகில் மூன்றாவது ஆள் யாரும் இல்லை. நான் சுற்றிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. மாடும் சுவரும் இல்லாத இடத்தில் அவள் உன்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

நானும் முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னேன். "செங்கோடா, எதுக்குக் கட்டுனாளாம், கேளு."

"வேண்டுதலுங்க. அதச் சொல்லப்படாது. சொன்னாப் பலிக்காதுங்க."

"பலிச்சுத்தான் இங்க வந்து நிக்கறோம்னு சொல்லு."

இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் கேலி அது. அதுவும் உன் வாயால். அவள் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று நான் பார்க்கவில்லை.

எனக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. வேகம் கூடக் கூட எஞ்சின் உறிஞ்சியிருக்கிறது, துணி சல்லடையின் வாயை இறுக அடைத்துவிட்டது. சல்லடை மேலிருந்து கைக்கு எட்டாது. "தண்ணியில எறங்கித்தான் எடுக்கோணும்னு சொல்லு" என்றேன். "எனக்கு நீச்சத் தெரியாதுன்னும் சொல்லிப்போடு."

"அது ஊருக்கே தெரியுமுங்க. நான் எறங்கறேன்னு சொல்லுங்க. ஆத்தங்கரையில பொறந்தவதானுங்களே நானு."

"வேண்டாம்னு சொல்லு. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உனக்கு என்ன பதில் சொல்றது?"

"எங்கம்மாளுக்கு ஆருங்க பதில் சொல்றது?" என்றாள்.

பனந்தோப்பு கிட்டே வந்துகொண்டிருந்தது.

கயிற்றின் ஒரு நுனியை இருக்கையில் வைத்தேன். அவள் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். மறு நுனியை என் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மேற்கே பார்த்து உட்கார்ந்தேன். நீர் தெறித்த சத்தம் கேட்டது. படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கயிறு ஓடியது. நின்றது. நான் எண்ண ஆரம்பித்தேன். இருபத்தேழில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. இரண்டாம் முறை முப்பத்தொன்று. "முடிச்சு நனஞ்சு இறுகிப்போச்சுங்க, கத்தி இருக்குதான்னு கேளுங்க" என்று நீருக்குள்ளிருந்து குரல். பென்சில் சீவுகிற என் பேனாக்கத்தியை விரித்துப் படகின் விளிம்பில் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை. அப்போதும் முறை விடவில்லை என்னை.

மூன்றாம் முறை நான் நாற்பது எண்ணினேன். நாற்பத்தைந்து. கயிறு அசையவில்லை. செங்கோடா, அந்த நேரம் நான் உன்னிடம் என்னவெல்லாம் சொன்னேன் என்று உனக்குக் கேட்டதா? கேட்காமல் இருந்தால் நல்லது.

ஐம்பத்திரண்டில் அவள் மேலே வந்தாள். விளிம்பைப் பிடித்தாள். ஏற முடியவில்லை. நனைந்த சீலை கீழே இழுத்தது. இரண்டாம் முறை எம்பினாள், கை வழுக்கியது. நான் திரும்பினேன். கையை நீட்டினேன். உன்னிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அவள் ஒரு கணம் என் கையைப் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

படகுக்குள் விழுந்து அவள் இருமிக்கொண்டிருந்தபோது என் மேல்துண்டை எடுத்துப் போர்த்தினேன். மஞ்சள் துணி அவள் மற்றொரு கைக்குள் இருந்தது.

சூடான எஞ்சினை ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. முதல் மரம் பத்து முழத்தில் இருந்தது. நான் புத்தகம் சொன்னதை மீறி விசையைத் திருகினேன். இருமியது, ஓடவில்லை. மறுபடி. மூன்றாவதில் ஓடியது. பக்கத்துக் குழாய் முதலில் ஆவியாக, பிறகு கொதிநீராக, பிறகு சாதாரணத் தண்ணீராகத் துப்பியது. அதைவிட அழகான எதையும் இந்த வயதில் நான் பார்த்ததில்லை.

உன் மாமியாருக்கு உயிர் இருந்தது. பாவாயி ஈரச் சீலையோடு போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"காத்துல எப்புடி வந்தே கண்ணு?"

"அவங்க வாங்குன படகுலம்மா."

"ஆரு ஓட்டுனா?"

"மாமாதான்."

"ஆரு, வாத்தியாரா?" கிழவிக்கு மூச்சு இழுத்தது, ஆனாலும் விடவில்லை. "அவரு கெணத்த எட்டிப் பாக்கவே பயப்படுவாரே."

மகள் கையால் இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாள். மறுநாள் மதியம் போய்விட்டாள். நல்ல சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். உன்னிடம் வந்து சேர்ந்திருப்பாள். என் பயத்தைப் பற்றி அவள் சொல்வதையெல்லாம் நம்பு, அவ்வளவும் உண்மை.

காரியம் முடிந்து திரும்பும்போது தேக்கம் கண்ணாடிபோல் இருந்தது. பாதி வழியில் அவள், "சுக்கானக் கொஞ்சம் புடிச்சுப் பாக்கறேன்" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் கையில் அந்தப் படகு மூக்கைத் தூக்கவில்லை. நீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்கிறாள். எனக்கு ஒரு மாதம் ஆன பாடம் அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

கரை தெரிந்ததும் வேகத்தைக் குறைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "மாமா, இத விக்காதீங்க." பிறகு கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆகப்படாதுன்னுதானுங்க அந்த மஞ்சத் துணியக் கட்டுனேன்" என்றாள்.

"சரி பாவாயி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மேட்டூர்க்காரருக்கு விற்பதாக இல்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். அந்தக் கார்டுக்கு ஒரு வாரம் ஆகவில்லை, ஒரே நாளில் எழுதினேன். காற்றடிக்கிற நாளில் அக்கரையில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிறாள். மாதையன்கூட, "ஆத்தா ஓட்டுனா நான் ஏறறனுங்க" என்கிறான். நாளைக்கு அவள் முதல் முறையாக நான் இல்லாமல் எடுக்கப் போகிறாள். நோட்டை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு தரம். இரண்டாம் தரம் அவளே மீதியைச் சொல்லிவிட்டாள்.

ஊர் பேசத் தொடங்கிவிட்டது. "மூத்தாரும் தம்பி பொண்டாட்டியும் மூஞ்சியப் பாத்துப் பேசிக்கறாங்களாமே" என்று சின்னப்பனே என் காதுபடச் சொன்னான். கேட்டதும் பழைய சந்தேகம் வந்தது. நான் செய்தது சரியா? அந்த நேரத்தில் சரி, இப்போதும் சரியா? நீ இருந்தால் சிரித்து ஒரு வார்த்தையில் முடித்திருப்பாய். எனக்கு அந்த வார்த்தை அகப்படவில்லை.

ஆனால் ஒன்று தெரிகிறது. செத்தும் நீ எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? உனக்கு அந்த வேலை போதும் சாமி. இனி அவள் கேட்பதற்கு நானே பதில் சொல்வேன். பயந்துகொண்டேயாவது, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இது என் வாக்கு.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
பாவாயிக்கு மாமா.